சுபைதா ராத்தாவுக்கு வார்த்த இரண்டு கால்கள்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த பட்டறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை பேசினாள்.

"மெடம், ஸ்டோர்ல ரெசின் ரெண்டு டின் மிச்சம் கிடக்கு. நாங்க இனி அதப் பாவிக்கிறல்ல. கானுக்குள்ள ஊத்தேலுமா?"

வடிகாலில் ஊற்றக்கூடாது என்றேன். வெளியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஹார்ட்னர் என்ற இறுக்கும் மருந்தைக் கலந்து இறுகவிட்டு, கல்லான பிறகு எறியச் சொன்னேன். போனை வைப்பதற்கு முன் அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"ஒருக்காப் பிழைச்சா திருத்தவே ஏலாத சாமான வெச்சு எப்பிடி மெடம் இவ்வளவு காலம் வேலை செஞ்சீங்க?"

சுருக்கமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது சரியான பதில் அல்ல. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். கல்முனையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய செயற்கைக் கால் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தேன். என்னை எடுத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. கால் இழந்த பெண்கள் ஒருமுறை வருவார்கள். அளவெடுப்பது ஆண் என்று தெரிந்ததும் மறுபடி வரமாட்டார்கள். எங்கள் ஊர் முஸ்லிம் பெண்கள் மட்டுமல்ல, சொறிக்கல்முனையிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அப்படித்தான். அதனால் ஒரு பெண்ணை எடுப்பதென்று முடிவானது. நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். வாப்பா மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள், "மையத்தக் குளிப்பாட்ட பொம்புளைக்குப் பொம்புளை வேணுமெண்டா, உசிரோட இருக்கிறவவுக்கும் வேணும்தானே. போ" என்றார்.

கொழும்புக்குப் பக்கத்தில் ஒன்றரை வருடப் பயிற்சி. எலும்புகளின் பெயர், தசைகளின் பெயர், நடக்கும்போது உடம்பின் பாரம் எங்கே விழுகிறது என்பது. அங்கே கற்றதில் நினைவில் நிற்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பட்டறையில் கற்றது.

பிளாஸ்டிக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சீனிப்பாகு மாதிரி. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், திரும்பச் சூடாக்கினால் திரும்பவும் இளகும். மற்றது வட்டிலப்பம் மாதிரி. அவிந்து முடிந்த பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது மறுபடி முட்டையும் தேங்காய்ப்பாலும் ஆகாது, கருகத்தான் செய்யும். ரெசின் இந்த இரண்டாவது சாதி. டின்னில் இருக்கும்போது தேன்போல வழியும். ஹார்ட்னர் சேர்ந்ததும் உள்ளே இருக்கும் நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும். பிணைந்தால் பிணைந்ததுதான். கண்ணாடி நூல் துணியோடு சேர்த்து வார்த்தால், மெல்லிய தகடாக இருந்தாலும் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கும். வெயிலுக்கு இளகாது, உப்புத் தண்ணீருக்கு அசையாது. ஆனால் அளவுக்கு மீறினால் வளைந்துகொடுக்காது, வெடிக்கும்.

இதை எனக்கு முதலில் காட்டியது ஒரு யோகட் கப். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மிச்ச ரெசினை அந்தக் கப்பில் ஊற்றி, ஹார்ட்னரைக் கண்மதிப்பில் விட்டுக் கலக்கி, மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது புகை எழுந்துகொண்டிருந்தது. ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். ஹார்ட்னர் கூடினால் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். கப் உருகி மேசையில் படிந்து கிடந்தது. அதன் நடுவே ரெசின் வெடிப்பு விழுந்த கட்டியாக நிமிர்ந்து நின்றது.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த தம்பிராசா சேர் வந்து பார்த்தார். "ரெண்டும் பிளாஸ்டிக்தான். எது உருகினது, எது உருகல்ல எண்டு நல்லாப் பாருங்க" என்றார். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அவர் ஏசுகிற முறை அதுதான். பிழையான வேலையை நம் முன்னால் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார். வர கால் மணித்தியாலம் ஆகும். அந்தக் கால் மணித்தியாலத்தில் நமக்கே விளங்கிவிடும்.

அவர் பாண்டிருப்பு ஆள். காலையில் ஏழே முக்காலுக்குச் சைக்கிளில் வருவார். நெற்றியில் சந்தனப் பொட்டு இருக்கும். முதல் வேலை கை கழுவுவது. கால் இழந்தவர் கதிரையில் இருந்தால், இவர் அதைவிடப் பதிந்த முக்காலியில் உட்காருவார். வெட்டியபின் மிஞ்சிய குறைக்காலைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "தொடட்டா?" என்று கேட்பார். பத்தாவது தடவை வரும் ஆளிடமும் கேட்பார். ஒருமுறை ஒரு மீனவர், "இன்னும் என்னத்துக்கு சேர் கேக்கிறீங்க?" என்றார். "நேத்துத் தந்த அனுமதி நேத்தையோட முடிஞ்சிது" என்றார் சேர்.

ரெசின் விடயத்தில் அவருக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. ஹார்ட்னர் போத்தலும், வினையை விரைவாக்கும் ஊதா நிற மருந்துப் போத்தலும் ஒரே தட்டில் நிற்கக்கூடாது. இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும். ஹார்ட்னரைத் தராசில் நிறுத்துத்தான் விடவேண்டும். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் போதும். மூன்றாவது, வார்த்த ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அச்சின் எடை, ரெசின் எவ்வளவு, ஹார்ட்னர் எவ்வளவு, அன்று மழையா வெயிலா என்று எழுதவேண்டும். அந்த டேப் கடைசிவரை கோப்பைக்குள்ளேயே இருக்கும். கோப்பை என்பது குறைக்கால் உள்ளே இறங்கி நிற்கும் பகுதி. செயற்கைக் காலில் மற்றதெல்லாம் வாங்கிப் பூட்டலாம். கோப்பையை மட்டும் அந்த ஆளுக்கென்றே செய்யவேண்டும்.

எல்லோருக்கும் ரெசின் போட்டதில்லை. பெரும்பாலும் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டில்தான் கால் செய்தோம். அது நல்லது. கரைவலை இழுக்கும் ஒருவர் காலைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுத் தூங்கி, கோணிப்போன காலோடு வந்தார். சூடு காட்டி ஒரு மணித்தியாலத்தில் நிமிர்த்திக் கொடுத்தோம். அக்கரைப்பற்றில் நெல்லுக்கடை வைத்திருந்த ஒருவரின் ரெசின் கால் லொறியிலிருந்து விழுந்து பிளந்தது. அதற்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. முதலிலிருந்து தொடங்கினோம்.

சுபைதா ராத்தா மருதமுனை; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். சாரமும் சாரியும் நெய்பவர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், வலது பாதத்தில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு முதலில் தகட்டுக் கால்தான் செய்தோம். நடை பழகினார். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்.

"நடக்க ஒரு கரைச்சலுமில்ல தங்கச்சி. தறியிலதான் ஏலாமக் கிடக்கு. ஒரு கட்டைய மிதிச்சா பக்கத்துக் கட்டையும் சேர்ந்து போகுது. துணி பிழைக்குது."

சேரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். குழித்தறி. நெய்பவர் குழியின் ஓரத்தில் இருந்து கால்களை உள்ளே விட்டு மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கவேண்டும். சேர் காற்சட்டையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, அடிமட்டத்தால் கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார். தகட்டுக் கால் தடிப்பாக இருந்ததுதான் பிரச்சினை. "ரெசின்ல மெல்லிசா வார்க்கணும். நீங்கதான் செய்யப்போறீங்க" என்று என்னிடம் சொன்னார்.

குறைக்காலில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்செடுத்தேன். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி, குறைக்காலின் உருவத்தை எடுத்தேன். பாரம் தாங்கும் இடத்தில் சுரண்டியும் எலும்பு துருத்தும் இடத்தில் பூசியும் திருத்தினேன். தடிப்பைக் குறைப்பதற்காக உள்ளே மெத்தை வைக்காமல், பருத்திக் காலுறையோடு அணிகிற மாதிரித் திட்டமிட்டேன். இப்போதென்றால் சீனி வருத்தக்காரருக்கு அப்படிச் செய்யமாட்டேன்.

அடுத்தது, ரெசின் வார்க்கும் அச்சாகிய அந்த உருவத்தைக் காயவைப்பது. பல்பு பூட்டிய ஒரு பலகைப் பெட்டி எங்களிடம் இருந்தது. அச்சை அதற்குள் வைத்து, காலையும் மாலையும் நிறுக்கவேண்டும். எடை குறைந்துகொண்டே வரும். இரண்டு தடவை நிறுத்தும் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் இருந்தால் அதை ஒட்டிய ரெசின் சரியாக இறுகாது. நடுவில் ஒரு மெல்லிய படலப் பை போடுவோம். ஆனால் அந்தப் பையே தண்ணீரில் கரையும் சாதி.

அது மாரி காலம். சேரின் தாய் இறந்து அவர் லீவில் இருந்தார். புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. சுபைதா ராத்தா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஒரு கலியாண வீட்டுக்கு நெய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை கரண்ட் வந்தது. அச்சைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மாதிரி இருந்தது. நிறுத்தேன், முந்தைய எடையைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னொரு தடவை நிறுப்பதற்கு மாலைவரை காத்திருக்கவேண்டும். நான் காத்திருக்கவில்லை. ஈரக் காற்றில் ரெசின் இறுகச் சுணங்கும் என்று நினைத்து, ஒரு கிராம் விடவேண்டிய இடத்தில் மூன்று கிராம் ஹார்ட்னர் விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் அது கட்டியாகத் தொடங்கிவிட்டது. துணி அடுக்குகளுக்குள் முழுக்க ஊறுவதற்கு நேரம் இருக்கவில்லை. வெளிப்புறம் கை வைக்க முடியாத சூடு. ஆறிய பிறகு அறுத்து எடுத்து, ஓரம் தேய்த்து, கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். நன்றாக இறுகிய கோப்பை சீனத்துப் பீங்கான்போல ஓசை தரும். இது மரத்தில் தட்டிய மாதிரி அடங்கிய சத்தம் தந்தது. மழையாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப்பில் ஹார்ட்னர் ஒன்றரை என்று எழுதினேன்.

அன்று நான் செய்த பிழைகளில் கடைசியாகச் செய்தது அதுதான். மற்றவற்றுக்கு அவசரம் என்று காரணம் சொல்லலாம். இதற்கு ஒரு காரணமும் இல்லை.

ராத்தா சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார். கால் கட்டைகளுக்கிடையே இலகுவாகப் போய்வருகிறது என்று சொல்லியனுப்பினார். ஐந்து வாரம் கழித்து அவரது கணவர் அவரை ஓட்டோவில் கொண்டுவந்தார். குறைக்காலில் தோல் சிவந்து, கொப்புளம் வெடித்து, எலும்பு முனைக்குப் பக்கத்தில் ஓர் இருபத்தைந்து சத நாணயம் அளவு புண். சீனி வருத்தக்காரருக்குக் குறைக்காலில் புண் வந்தால் அடுத்தது என்னவென்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். முழங்காலுக்கு மேலே எடுப்பார்கள். முழங்கால் போனால் தறி இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சேர் அந்தக் கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஐந்து கிழமை கழிந்தும் ரெசின் வாசம் இருந்தது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தார். துணி பிசுபிசுவென்று ஒட்டியது. இறுகாத ரெசின் ராத்தாவின் தோலைத் தின்றிருந்தது. பிறகு இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக் கோப்பையை நெடுக்காக இரண்டாக அறுத்தார். வெட்டு முகத்தில் வெளி அடுக்கு கண்ணாடி மாதிரி இருந்தது. உள் அடுக்குகளில் துணி வெள்ளையாக, ரெசின் ஊறாமல் தெரிந்தது.

இந்தத் தடவை அவர் தேத்தண்ணிக்குப் போகவில்லை. டேப்பை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"இதில எழுதியிருக்கிறது சரியா புள்ள?"

"இல்ல சேர்."

"எவ்வளவு விட்டீங்க?"

"மூண்டு."

"அச்சு?"

"கரண்ட் வந்த பிறகு ஒருக்காத்தான் நிறுத்தன்."

அவர் இரண்டு பாதிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அந்த அம்மாவுக்கு இது தெரியணும். நான் சொல்லமாட்டன்" என்றார்.

மறுநாள் பின்னேரம் மருதமுனைக்குப் போனேன். புண்ணுக்கு மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ராத்தா கட்டிலில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். தறியில் பாதி நெய்த துணி அப்படியே இருந்தது.

"ராத்தா, இந்தப் புண் உங்கட சீனியால வந்ததில்ல. நான் வார்த்தது பிழை. அச்சு ஈரமாக் கிடந்தது. அவசரப்பட்டுட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். "எப்ப தெரியும்?"

"கால உங்களுக்குத் தரக்குள்ளயே சந்தேகம் இருந்தது. சத்தம் சரியில்ல."

"தரக்குள்ளயேயா?"

"ஓம்."

ராத்தா கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் ஒரு மாசமா ராவைக்குச் சோறு தின்னல்ல தெரியுமா? சீனி கூடிட்டு எண்டு நினைச்சன். தேத்தண்ணில ஒளிச்சுச் சீனி போடுறாய் எண்டு மகளுக்கு ஏசினன். அவள் அழுதாள். காலுக்குள்ள எரிய எரிய, நம்மட உடம்புதான் பிழை எண்டு பொறுத்துப் பொறுத்துத் தறில நெய்ஞ்சன். நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அதக் கழட்டி மூலைல வெச்சிருப்பனே."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அல்லாஹ்க்காக மன்னிச்சிட்டன்" என்றார். பிறகு, "ஆனா இனி நீ எனக்குச் செய்யவேணாம். சேர் செய்யட்டும்" என்றார்.

ஆணின் கை படக்கூடாது என்று பெண்கள் வராமல் போனதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அந்தப் பெண்களில் ஒருவர் இப்போது என் கை வேண்டாம் என்றார். திரும்பி வந்து சேரிடம் சொன்னேன். "அது அவட உரிமை" என்றார்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. முழங்கால் தப்பியது. அந்த இரண்டரை மாதமும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து விசாரித்தேன். என் பெயரைச் சொல்லவில்லை.

ராத்தா கணவரோடு பட்டறைக்கு வந்தார். சேர் முக்காலியில் உட்கார்ந்து, "தொடட்டா அம்மா?" என்றார். "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு ராத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பிளாஸ்டர் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். அச்சு எடுத்து முடிந்ததும் சேர் கை கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

"அம்மா, அளவு நான் எடுத்தன். வார்க்கிறது இவதான். இனிப் பிழை விடமாட்டா எண்டு நான் சொல்லல்ல. நானும் விட்டிருக்கன். விட்டா இவ சொல்லுவா. அதுக்கு நான் பொறுப்பு."

ராத்தா சுவர்ப்பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பினார். "அப்ப எனக்கு முன்னால செய்யட்டும். நிறுக்கிறத எனக்கு வாசிச்சுக் காட்டட்டும்" என்றார்.

இந்த முறை அச்சு காய ஆறு நாள் எடுத்தது. காலையும் மாலையும் எடையை எழுதினேன். கடைசி மூன்று தடவையும் ஒரே எடை. வார்த்த அன்று ராத்தா வாசலில் கதிரை போட்டு, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு இருந்தார். அச்சின் எடை, ரெசின், ஹார்ட்னர் ஒரு கிராம், வெயில் என்று ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ரெசின் துணிக்குள் மெல்ல இறங்கியது. குமிழிகளைக் கயிற்றால் தடவித் தடவிக் கீழே இறக்கினேன். இருபது நிமிடம் கழித்துத்தான் சூடு பிடித்தது.

மறுநாள் கோப்பையை வெளியே எடுத்ததும் சேர் கரண்டியை ராத்தாவிடம் கொடுத்தார். அறுத்த பழைய பாதியையும் பக்கத்தில் வைத்தார். ராத்தா பழையதில் தட்டினார். பிறகு புதியதில் தட்டினார். மறுபடியும் புதியதில் தட்டினார்.

"இது கதைக்குது" என்றார்.

அந்தக் கோப்பையைக் கடைசிவரை, பன்னிரண்டு வருடம், பாவித்தார். கால் மெலிய மெலியக் காலுறைக்கு மேல் காலுறை போட்டார். பாதத்தை நான்கு தடவை மாற்றினோம். கோப்பையில் ஒரு கீறல்கூட விழவில்லை. என்னோடு கதைப்பார், பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்புவார். ஆனால் பாதம் மாற்ற வரும் ஒவ்வொரு தடவையும் நான் எழுதுவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் வாசித்தேன். மற்றவர்களுக்கும் வாசிக்கத் தொடங்கினேன். பிறகு அது பட்டறையின் வழக்கமானது.

நான் ஓய்வு பெற்று இரண்டாவது வருடம், அவரது மகள் றிஸ்வானா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீலைப் பை.

"உம்மா மவுத்தாகி நாப்பது நாளாச்சு" என்றாள். எனக்குத் தெரியும், மரண வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையிலிருந்து காலை எடுத்தாள். "இத வேற ஆருக்கும் குடுக்கேலுமா எண்டு கேக்க வந்தன்."

"பாதத்தையும் ஆணியளையும் குடுக்கலாம். இந்தக் கோப்பை உம்மாட காலுக்கு மட்டும்தான் மகள். வேற ஆருக்கும் பொருந்தாது."

"உருக்கி வேறொண்டு செய்யேலாதா?"

"ஏலா. இது உருகாது. கருகும்."

அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "உம்மாட கால எடுத்த நேரம் ஆஸ்பத்திரில எங்கட கையில தந்தாங்க. வாப்பாதான் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கின. இதையும் அங்க தாட்டா என்ன?"

"மௌலவிட்டக் கேட்டுப் பாரு. ஆனா இது மண்ணுக்குள்ள உக்காது. நம்மளெல்லாம் போன பிறகும் அப்பிடியே கிடக்கும்."

நான் உள்ளே போய் ஆணி கழற்றும் சாவியை எடுத்துவந்து பாதத்தைக் கழற்றினேன். அதைப் பட்டறைக்குக் கொடுக்கச் சொல்லி அவள் என்னிடமே தந்தாள். கோப்பையைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"அப்ப வீட்ட கிடக்கட்டும்" என்றாள்.